பக்கத்து நாட்டைப் படிக்க எதற்குத் தூர தேசம்?

ஐ.ஆர்., அதாவது சர்வதேச உறவுகள், படிக்க வெளிநாடு போகிறேன் என்று சொன்னதும் வந்த கேள்விகள் இரண்டே வகைதான். முதல் வகை, "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" இதைக் கடைசியில் பார்க்கலாம், ஏனென்றால் பதில் அவ்வளவு சுகமாக இருக்காது. இரண்டாவது வகை கொஞ்சம் கூர்மையானது: "நீ படிக்கப் போவதே தெற்காசியாவைப் பற்றி. அதைக் கடல் தாண்டிப் போய், யாரோ சொல்லிக் கொடுத்து ஏன் படிக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. இப்போது இதே படிப்புக்கு விண்ணப்பிக்கிற சிலர், ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு கொடுக்கும் எஸ்.ஓ.பி. கட்டுரையில் என்ன எழுதுவது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

"சிறு வயது முதலே உலக நடப்புகளில் ஆர்வம்", "நாடுகளுக்கிடையே பாலமாக இருக்க ஆசை" மாதிரியான வரிகளைப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை எழுதாத ஆளே கிடையாது. எனக்கு இந்தப் படிப்பின் மேல் பிடிப்பு வந்தது உலக சமாதானத்தை நினைத்து அல்ல, ஒரு எல்லைக்கோட்டைப் பார்த்து.

மேற்கு வங்கத்தின் கூச் பிஹார் பக்கம் இந்திய–வங்கதேச எல்லை 2015 வரைக்கும் எப்படி இருந்தது என்று பழைய வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், மை தெறித்த தாள் மாதிரி இருக்கும். வங்கதேசத்துக்குள் இந்தியாவின் துண்டு நிலங்கள் 111, இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் துண்டுகள் 51. பழைய ராஜாக்கள் சதுரங்கம் ஆடி கிராமங்களைப் பணயம் வைத்ததால் வந்த வினை என்று ஒரு கதை உண்டு. கதை மட்டும்தான், உண்மையில் மொகலாயர் காலத்து நில உரிமைகள் 1947 பிரிவினைக்குப் பிறகு அப்படியே நாட்டு எல்லையாகிவிட்டதால் வந்தது. இதில் உச்சம் தஹாலா கக்ராபாரி என்ற இடம்: நடுவில் இந்திய நிலம், அதைச் சுற்றி வங்கதேச நிலம், அதைச் சுற்றி மறுபடி இந்திய நிலம், அதற்கும் வெளியே வங்கதேசம். இரண்டு ஏக்கர்கூட வராத ஒரு சணல் வயலுக்கு இவ்வளவு அமர்க்களம். ஆள் இல்லாத வயலைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் மற்ற துண்டுகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்குச் சட்டப்படி ஊரை விட்டு வெளியே வரவே விசா வேண்டும், விசா வாங்க அலுவலகத்துக்குப் போக வேண்டும், அலுவலகத்துக்குப் போக எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்ட வேண்டும்.

1974-ல் இந்திரா காந்தியும் வங்கதேசத்தின் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் இதற்கு ஒப்பந்தம் போட்டார்கள். துண்டுகள் உண்மையிலேயே கைமாறியது 2015 ஜூலை 31 நள்ளிரவில். பரம எதிரிகளுக்கு நடுவில் ஒரு விஷயம் நாற்பது வருடம் இழுத்தடித்தால் புரிகிறது. முதலிலேயே ஒத்துக்கொண்ட இரண்டு பேருக்கு நடுவில், இரண்டு அரசுகளும் வேண்டும் என்று சொன்ன ஒரு விஷயம், ஏன் இவ்வளவு காலம் எடுத்தது? என் எஸ்.ஓ.பி.யில் இருந்தது கிட்டத்தட்ட இந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் ஜோடனை.

சரி, இதைப் படிக்க நூலகமும் இணையமும் போதாதா? போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அங்கே போய் ஒரு செமினாரில் இதைப் பற்றிப் பேசுகிற வரைக்கும். நான் படித்திருந்த வரிசையில் கதையின் முக்கியமான கட்டம் 2015: நூறாவது அரசியல் சட்டத் திருத்தம், இரு அவைகளிலும் ஒருமனதாக நிறைவேறியது, பிறகு பரிமாற்றம். என் எதிரில் இருந்த வங்கதேசத் தோழிக்குக் கதையே 1974-ல் முடிந்துவிட்டது. "நாங்கள் அந்த வருஷமே சட்டத் திருத்தம் செய்து பேருபாரி என்ற எல்லைப் பகுதியை உங்களுக்கு விட்டுக்கொடுத்தோம். பதிலுக்கு எங்களுக்கு வர வேண்டியது தீன் பீகா வழி. அது எப்போது திறந்தது, சொல்லேன்?" என்றாள். தீன் பீகா என்பது இருநூறு மீட்டர்கூட நீளம் இல்லாத ஒரு நிலப்பட்டை, இந்தியாவுக்குள் மாட்டிக்கொண்ட தஹாகிராம் என்ற வங்கதேசப் பகுதியை அவர்கள் நாட்டோடு சேர்க்கும் ஒரே வழி. திறந்தது 1992-ல். அப்போதும் பகலில் மட்டும், அதிலும் மணிக்கணக்கு வைத்து. இருபத்து நாலு மணி நேரமும் நடக்கலாம் என்றானது 2011-ல். இரவில் பிரசவ வலி வந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று அவள் கேட்டபோது எங்கள் பக்கத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

இதில் எனக்குத் தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை, எல்லாம் அச்சில் இருப்பதுதான். ஆனால் நம் நாட்டில் உட்கார்ந்து படிக்கும்போது நாம் படிப்பது நம் வெளியுறவுக் கொள்கையை. நேரு காலம், இந்திரா காலம், 1991-க்குப் பிறகு, அண்டை நாடுகளுக்கு முன்னுரிமை என்று அது ஒரு தொடர்கதையாகப் போகும், மற்ற நாடுகள் அதில் வந்து போகும் பாத்திரங்கள். வங்கதேசத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள், நேபாளத்திலும் அப்படித்தான், இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'உறவு' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் அது உறவைப் படித்ததாகுமா? அதற்கு எதிர்ப்பக்கத்து ஆள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை மாணவர்கள் ஒரே வகுப்பில் வருடக்கணக்கில் உட்கார்ந்து சண்டை போட நம் பகுதிக்குள் எத்தனை இடம் இருக்கிறது? அதற்காகவே தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உறுப்பு நாடுகள் சேர்ந்து டெல்லியில் 2010-ல் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கின, நல்ல யோசனை. ஆனால் விசா என்று ஒன்று குறுக்கே நிற்கிறதே. சார்க்கின் விசா விலக்குத் திட்டம் 1992-லிருந்து இருக்கிறது, அது நீதிபதிகள், எம்.பி.க்கள், உயரதிகாரிகள் என்று 24 வகைப் பெரிய மனிதர்களுக்கு, சும்மா பக்கத்து நாட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிற ஆளுக்கு அல்ல. ஆக லாகூர்க்காரனோடு நிம்மதியாக உட்கார்ந்து பேச நான் இரண்டு விமானம் மாறி மூன்றாவது நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவனும் அப்படித்தான் வந்திருந்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் போன பிறகுதான் கண்டுபிடித்தேன். நம் பகுதியையே திருப்பித் திருப்பிப் பார்த்தால் நம் பிரச்சினைகள் எல்லாம் உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை என்ற நினைப்பு வந்துவிடும். ஒரு பேராசிரியர் முதல் மாதத்திலேயே பிரேயா விஹார் கோவில் வழக்கைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கம்போடியா–தாய்லாந்து எல்லையில் மலை முகட்டில் இருக்கும் சிவன் கோவில். 1904-ல், அப்போது கம்போடியாவை ஆண்ட பிரான்ஸும், அன்று சயாம் என்று பெயர் கொண்ட தாய்லாந்தும் போட்ட ஒப்பந்தப்படி எல்லை மலையின் நீர்பிரி கோட்டில், அதாவது மழைநீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும் கோட்டில், போக வேண்டும். ஆனால் 1907 வாக்கில் பிரெஞ்சு அதிகாரிகள் தயாரித்த வரைபடத்தில் கோவில் கம்போடியா பக்கம் விழுந்தது. வரைபடம் சயாமுக்குப் போனது. அங்கே உள்துறை அமைச்சராக இருந்த இளவரசர் தம்ரோங் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னதோடு, மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க இன்னும் பதினைந்து பிரதி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். 1930-ல் அவரே கோவிலுக்குப் போகிறார், பிரெஞ்சுக் கொடி பறக்க பிரெஞ்சு அதிகாரி வரவேற்கிறார், இவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் போய் புகைப்படங்கள் அனுப்பி வைக்கிறார். 1962-ல் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம் இதையெல்லாம் எடுத்து வைத்து, ஆட்சேபிக்க வேண்டிய நேரத்தில் நீங்கள் ஆட்சேபிக்கவில்லை, எனவே கோவில் கம்போடியாவுக்கு என்று 9க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மௌனம் சம்மதம் என்பதை நாம் கல்யாணப் பேச்சில்தான் கேட்டிருப்போம், ஒரு நாட்டின் எல்லையே அதில் முடிவாகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை என்றெல்லாம் அளக்கவில்லை. ஆனால் அதன் பிறகு எந்த எல்லைத் தகராற்றைப் பார்த்தாலும், முதலில் யார் வரலாற்றுப்படி சரி என்று பார்க்காமல், யார் எந்த வருடம் எந்தக் காகிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டார்கள் என்று தேடுகிற புத்தி வந்துவிட்டது. தீர்ப்போடு விஷயம் முடிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2008-ல் கோவில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் துப்பாக்கிச் சூடு, 2013-ல் நீதிமன்றம் மறுபடி விளக்கம், 2025 ஜூலையில் அந்த எல்லை நெடுக பீரங்கிச் சண்டை, அப்புறம் மலேசியாவில் வைத்துப் போர்நிறுத்தம். எங்கள் வகுப்பில் தாய்லாந்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அந்த வழக்கைப் பேசும்போது அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான், தீன் பீகா பேசும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானையும் சார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்தப் படிப்பில் எல்லாரும் செய்கிற வேலை, நானும் செய்தேன். வழக்கமான முடிவு: அவர்கள் நண்பர்கள், அதனால் அமைப்பு நன்றாக நடக்கிறது, நாம் சண்டைக்காரர்கள், அதனால் நடக்கவில்லை. இது எனக்கு ஒப்பவில்லை. ஆசியான் தொடங்கிய 1967-ல் இந்தோனேசியாவும் மலேசியாவும் தங்கள் மோதலை முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, மலேசியாவின் சபா மாநிலம் எங்களுடையது என்று பிலிப்பைன்ஸ் கேட்டுக்கொண்டிருந்தது, சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து இரண்டு வருடம். இவர்களா நண்பர்கள்? முதல் உச்சி மாநாடு நடத்தவே 1976 ஆனது. அதற்குள் அமைச்சர்களும் அதிகாரிகளும் சந்தித்துச் சந்தித்து ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். சார்க் தலைகீழ், 1985-ல் டாக்காவில் தொடங்கியதே உச்சி மாநாட்டோடுதான். தலைவர்கள் வந்தால் மாநாடு, ஒருவர் வர மாட்டேன் என்றால் மாநாடே இல்லை. 2014-ல் காத்மாண்டுவில் கூடியவர்கள், 2016-ல் இஸ்லாமாபாத்தில் கூட வேண்டியது நடக்காமல் போனதோடு உச்சி மாநாடு என்ற பேச்சே நின்றுவிட்டது. சார்க் சாசனத்தின் பத்தாவது பிரிவைப் படித்துப் பாருங்கள், எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும், இருதரப்புப் பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரியவற்றையும் பேசவே கூடாது என்று இருக்கிறது. பேச வேண்டியதைப் பேசக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டு அமைப்பு பேசவில்லை என்று வருத்தப்பட்டால் எப்படி? ஆனால் ஆசியானும் இதே மாதிரி ஒருமனம், தலையிடாமை என்றுதான் இருக்கிறது, 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு மியான்மர் விஷயத்தில் அதன் லட்சணமும் தெரிந்துவிட்டது. ஆகவே சாசனம் மட்டும் காரணம் என்றும் சொல்ல முடியாது. தெற்காசியாவில் ஒரு நாடு மற்ற எல்லாரையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது, மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பகுதிக்குள் எல்லை அந்த ஒரு நாட்டோடுதான். பெரிய நாட்டிலிருந்து வந்தவனுக்கு இது கண்ணிலேயே படாது. பூடான்காரரோ மாலத்தீவுக்காரரோ சொன்னால்தான் படும்.

வகுப்பில் ஒருமுறை, சீனாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக ஓடும் மீகாங் நதியின் நீர்ப் பேச்சுவார்த்தை என்று ஒரு பயிற்சி வைத்தார்கள். மேல்பக்கத்து நாட்டுக்காரர்களுக்குக் கீழ்ப்பக்கத்து நாட்டு வேடம், கீழ்ப்பக்கத்தவர்களுக்கு மேல்பக்கத்து வேடம். என்னைச் சீனா பக்கம் போட்டார்கள். 1995-ல் அமைந்த மீகாங் நதி ஆணையத்தில் லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நான்குதான் உறுப்பினர்கள், சீனாவும் மியான்மரும் பேச்சுக்கு மட்டும் வருகிறவர்கள். மேலே அணை வைத்திருப்பவனுக்கு ஆணையம் எதற்கு? கீழே இருப்பவன் எவ்வளவு அழகாகப் பேசினாலும், "உங்கள் கவலையைக் குறித்துக்கொண்டோம்" என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. சர்வதேச நீரோட்டங்கள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 1997-ல் வாக்கெடுப்புக்கு வந்தபோது சீனா எதிர்த்தது, இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அது நடைமுறைக்கு வர 35 நாடுகள் சேர வேண்டும், 2014-ல் முப்பத்தைந்தாவதாகச் சேர்ந்த நாடு வியட்நாம், மீகாங்கின் கடைக்கோடியில் இருக்கிற நாடு. யார் எங்கே கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதை ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தே பாதி சொல்லிவிடலாம்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டால் அது விளம்பரம் ஆகிவிடும். கோட்பாட்டு வகுப்புகள் எனக்குச் சலிப்பைத்தான் தந்தன. ஐரோப்பாவில் பெரும் போரை முடித்த 1648 வெஸ்ட்பேலியா உடன்படிக்கையில் ஆரம்பித்து, முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் வேல்ஸின் அபரிஸ்ட்வித்தில் இந்தத் துறைக்கு முதல் பேராசிரியர் பதவி, பனிப்போர், சோவியத் சரிவு என்று ஐரோப்பாவின் டைரியை உலக வரலாறு என்று கொடுப்பார்கள். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 1955-ல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடியது ஒரு வாரத்து வாசிப்பில் ஒரு பாதி. அமிதவ் ஆச்சார்யா போன்ற ஐ.ஆர். அறிஞர்கள் இதைக் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார்கள், அவையும் பாடத்தில் உண்டு, ஆனால் கடைசி வாரத்தில், எல்லாரும் கட்டுரை எழுதும் அவசரத்தில் இருக்கும்போது. பகுதிகளைப் பிரித்துப் பார்ப்பதே யாரோ ஒருவரின் தேவைக்காக வந்ததுதான். இரண்டாம் உலகப் போரின்போது 1943-ல் நேச நாடுகள் அமைத்த தென்கிழக்கு ஆசியப் படைக் கட்டளையகம் இலங்கையின் கண்டிக்கு மாறி அங்கிருந்து நடந்தது, இலங்கை அதன் எல்லைக்குள் இருந்தது. போருக்கு அப்புறம் இலங்கை தெற்காசியா. நிலம் நகரவில்லை, மேஜைதான் மாறியது.

இன்னொரு கசப்பும் உண்டு. நம் எல்லைகளைப் பற்றிய பழைய காகிதங்கள் நிறைய இன்னும் லண்டனில்தான் இருக்கின்றன. அங்கே பிரிட்டிஷ் நூலகத்தில் ஆங்கிலேய ஆட்சிக் காலத்து இந்தியா ஆபீஸ் ஆவணங்களைப் பார்த்துவிட்டு வந்த ஒரு சீனியர், நம் பக்கத்தில் கேட்டால் கிடைக்காத கோப்பு அங்கே கேட்டால் மேஜைக்கே வருகிறது என்றார். பெருமைப்படும் விஷயமில்லை, ஆனால் ஆராய்ச்சி செய்கிறவனுக்குக் கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை.

இப்போது அந்த முதல் கேள்வி. ஐ.ஆர். படித்தால் ஐ.நா.வில் வேலை என்ற நினைப்பு இருந்தால் அதை இப்போதே கொஞ்சம் தள்ளி வையுங்கள். இளம் தொழில்முறை அதிகாரிகளுக்கான ஐ.நா. தேர்வு எல்லா வருடமும் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் திறந்திருக்காது, வயது வரம்பும் உண்டு. ஜே.பி.ஓ. என்று சொல்கிற இளநிலைப் பதவிகளுக்குப் பணம் கொடுப்பது பணக்கார அரசாங்கங்கள், பெரும்பாலும் சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே கொடுக்கின்றன. இந்திய வெளியுறவுப் பணிக்குப் போக வேண்டும் என்றால் அதற்கு வழி யு.பி.எஸ்.சி., அங்கே எந்தப் பட்டமும் போதும், வெளிநாட்டு எம்.ஏ. கேட்க மாட்டார்கள். என்னோடு படித்தவர்கள் போன இடங்கள்: கொள்கை ஆய்வு நிறுவனங்கள், பத்திரிகை, அகதிகளுக்காக வேலை செய்யும் தொண்டு அமைப்புகள், பெரிய கம்பெனிகளில் எந்த நாட்டில் என்ன ஆபத்து என்று கணிக்கும் பிரிவு, மறுபடியும் பல்கலைக்கழகம். சம்பளம் மென்பொருள்காரர்களோடு ஒப்பிடுகிற மாதிரி இருக்காது. கடன் வாங்கித்தான் போக முடியும் என்றால், ஸ்காலர்ஷிப் கிடைக்கிற வரைக்கும் ஒரு வருடம் பொறுப்பதில் ஒன்றும் குடி முழுகிவிடாது, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் மாதிரி கல்விக் கட்டணத்தோடு செலவுக்கும் கொடுக்கிற திட்டங்கள் இருக்கின்றன.

எஸ்.ஓ.பி. பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆர்வத்தை எழுதாதீர்கள், ஒரு கேள்வியை எழுதுங்கள். உங்களை உண்மையிலேயே அரிக்கிற, ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடியாத கேள்வி. அதைத் தாள் முழுக்க ஜோடிக்க வேண்டாம், ஏன் அந்த இடத்தில் போய்த்தான் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அந்தத் துறையில் யார் எந்தப் பகுதியைப் பற்றி எழுதுகிறார்கள், அந்தப் பகுதி மொழி சொல்லிக்கொடுக்கிறார்களா, பழைய மாணவர்கள் எந்தெந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. தரவரிசையில் பத்து இடம் பின்னால் இருந்தாலும், வகுப்பில் நேபாளியும் பாகிஸ்தானியும் வங்கதேசத்தவரும் இருக்கிற இடமாக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.